அண்டாவுக்குப் பின்னால்

கூடத்தில் இருந்தால் பார்க்க அசிங்கம் என்று ரவுட்டரைப் பரணில் ஏற்றி, பெரிய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்கள்.

“அண்டா அண்ணே, கொஞ்சம் நகருங்களேன். உங்களைத் தாண்டி என் சிக்னல் போக மாட்டேங்குது,” என்று அது கெஞ்சியது.

“நானா நகர முடியுமாப்பா? என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்,” என்றது அண்டா.

கீழே நெட் நத்தையாய் ஊர்ந்தது. உடம்பு கொதிக்கக் கொதிக்க உழைத்தும் ரவுட்டருக்குத் திட்டுதான் மிஞ்சியது.

ஒருநாள் வீட்டுக்காரர் ஆராவமுதன் ஏணி போட்டு ஏறினார். அப்பாடா, அண்டாவை நகர்த்தப்போகிறார் என்று ரவுட்டர் பூரித்தது.

“இதுவும் தண்டம்,” என்று அவர் ஒயரைப் பிடுங்கி, ரவுட்டரை அண்டாவுக்குள் வீசினார். அதே இடத்தில் புதுசை மாட்டிவிட்டு இறங்கினார்.

அண்டாவுக்குள் ஏற்கெனவே மூன்று ரவுட்டர்கள் செத்துக் கிடந்தன. இதற்கும் உயிர் அடங்கும் நேரத்தில், வெளியே ஒரு புதுக் குரல் கேட்டது:

“அண்டா அண்ணே, கொஞ்சம் நகருங்களேன்.”