மாமியாருக்கு வாசித்த கதை

அவன் அம்மாவுக்குச் சமையலறையில் கொலை நடக்கும் மர்ம நாவல் என்றால் உயிர். ஓய்வு கிடைத்தால் போதும், போர்வைக்குள் சுருண்டு நாலைந்தை முடித்துவிடுவாள். இந்த முறை கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் கட்டு. அவன் மனைவிதான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். பார்க்கவே அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

நாலாம் நாள் அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள்.

"டேய், உன் பொண்டாட்டி எனக்கு விஷம் வைக்கிறாடா! கதையில வர்ற மருமகளும் இப்படித்தான் சூப்புல கலந்தா. கடைசிவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலை."

"அத்தைக்குக் கதையும் நிஜமும் குழம்பிப் போச்சுங்க," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டினி கிடந்து அம்மா துரும்பானாள். மருமகள் ஊட்டப் போனால் கையைக் கடித்தாள். வேறு வழி தெரியாமல் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதவளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும், அம்மாவை இந்தப் பாடு படுத்திய கதையைக் கிழித்தெறியும் ஆத்திரத்தோடு, மனைவி தினமும் பிரித்து வாசித்த புத்தகத்தை எடுத்தான்.

பக்கம் பக்கமாகப் புரட்டினான். எத்தனை முட்டை, எவ்வளவு மாவு, எத்தனை நிமிடம் வேகவேண்டும். கொலையும் இல்லை, மருமகளும் இல்லை. அது வெறும் சமையல் குறிப்புப் புத்தகம்.