தலைவர் வைத்த பேர்

"ஏன்டி ஜெயப்பிரியா, ஊரே பாத்துக்கினு கீற மேடையில ஒரு நடிகரு உன் காதுகிட்ட வந்து குசுகுசுன்னு பேசுனா, நீ இன்னா பண்ணுவ?"

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு சுலோச்சனா கேட்டதும், வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"எந்த நடிகரு, அக்கா?"

"உன் வூட்டுக்காரரு தலைமேல வெச்சிக்கினு ஆடுறாரே, அந்த பூவேந்தன்தான்! கொழந்தைக்குப் பேர் வெக்கச் சொன்னா, மைக்கைக் கையால பொத்திக்கினு மொதல்ல அம்மாக்காரி காதுல இன்னாவோ சொல்றாராம். மானாம்பதியிலயும் அப்டித்தான், சாலவாக்கத்துலயும் அப்டித்தான். இன்னா சொன்னாருன்னு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்றா."

"சினிமாக்காரன் புத்தி எங்க போவும்?" என்றாள் பின்னால் நின்றவள்.

"சரி, வெக்கிற பேராவது ஒழுங்கா இருக்குதா? ஒரு ஊர்ல மார்த்தாளாம், இன்னொரு ஊர்ல ரித்திகாஸ்ரீயாம். இன்னா கொள்கையோ! யாருனா எழுதிக் குடுக்காம அவருக்கு ஒன்னும் வராதுடி."

ஜெயப்பிரியாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் இடுப்பில் இருந்த பாப்பாவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஆகியும் பேர் வைக்காத பாப்பா. தடுப்பூசி போடுகிற நர்சம்மாகூட, "இன்னும் வெறும் பாப்பாதானா?" என்று கேலி செய்தாகிவிட்டது. அவள் கணவன் அரவிந்தன், பூவேந்தன் மன்றத்தின் கிளைச் செயலாளர். நடிப்பதை விட்டுக் கட்சி ஆரம்பித்து, எம்.எல்.ஏ.வும் ஆகிவிட்ட தலைவர்தான் தன் முதல் குழந்தைக்குப் பேர் வைக்க வேண்டும் என்பது, கல்யாணத்துக்கு முன்பே அவன் எடுத்த முடிவு.

ஜெயப்பிரியாவிடமும் ஒரு பேர் இருந்தது. முனியம்மாள். நாற்று நட்ட கூலியில் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்த அம்மாவின் பேர். பேத்தி முகத்தைப் பார்க்க அம்மா இல்லை.

மத்தியானம் சோறு போடும்போது மறுபடியும் கேட்டுப் பார்த்தாள்.

"எங்கம்மா பேரையே வெச்சிரலாங்க."

"முனியம்மாவா? இந்தக் காலத்துலயா? ஸ்கூல்ல புள்ளைங்க சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். நானும் சேந்து சிரிச்சிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கெழம தலைவரு வராரு. அவரு வாயில இன்னா வருதோ, அதான் பேரு. சும்மா பேஜாரு பண்ணாத."

அவள் குழம்பை ஊற்றினாள்.

குளிப்பாட்டும்போது மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, "முனிம்மா... ஏய் முனிம்மா" என்று கூப்பிடுவாள். பாப்பா பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அப்படிக் கூப்பிட முடியாது.

உத்திரமேரூர் கூட்டத்துக்குப் பூவேந்தன் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தார். சினிமாவில் பார்த்ததைவிடக் குள்ளம். தொண்டை வேறு கட்டியிருந்தது. ஜெயப்பிரியா பாப்பாவோடு மேடை ஏறினாள். கீழே அரவிந்தன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தான். பக்கத்திலேயே சுலோச்சனா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பூவேந்தன் பாப்பாவைக் கையில் வாங்கினார். மைக்கைப் பொத்தினார். ஜெயப்பிரியாவின் காதருகே குனிந்தார்.

விசில் பறந்தது.

முதலில் அவள் விறைத்துப் போனாள். அப்புறம் முகமே மாறிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, அழுவுறா பாரு! நான் சொல்லல?" என்றாள் சுலோச்சனா.

பூவேந்தன் பாப்பாவை உயரத் தூக்கினார். படத்தில் வருகிற அதே குரல்.

"இந்த மண்ணின் மகளுக்கு நான் சூட்டும் பெயர்... முனியம்மாள்!"

கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. அரவிந்தன் போனை இறக்கிவிட்டு மேடையை வெறும் கண்ணால் பார்த்தான். பிறகு, "தலைவர் வாழ்க!" என்று முதலில் கத்தியவனும் அவன்தான்.

பைக்கில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே பேச்சு.

"இன்னா பேருடி! மண்ணு வாசனை கமகமன்னு வருது! அதுவும் உங்கம்மா பேரு. அவருக்கு எப்டித் தெரியும், சொல்லு? ஞானிடி அவரு. நீ சொன்னப்போ எனக்கு ஒறைக்கவே இல்ல பாரு."

"ஆமாங்க, ஞானிதான்" என்றாள் ஜெயப்பிரியா, சிரிப்பை அவன் முதுகில் மறைத்துக்கொண்டு.

மறுநாள் குழாயடியில் சுலோச்சனா விடவில்லை.

"இன்னாடி சொன்னாரு? கண்ண வேற கசக்குன!"

"ஒன்னுமில்லக்கா. பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்குதான்னு கேட்டாரு."

"பாருங்கடி, இவளும் சேந்துட்டா அவளுங்களோட!"

ஜெயப்பிரியா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

மைக்கைப் பொத்திக்கொண்டு பூவேந்தன் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பெத்தவ மனசுல ஒரு பேர் இல்லாம இருக்காது. யாருக்கும் தெரியாம என்ன சொல்லிக் கூப்பிடுறம்மா? முப்பது வருஷமா யாரோ எழுதிக் குடுத்ததைத்தான் நான் பேசிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நீ எழுதிக் குடு. ஆனா, கீழ நிக்கிறாரு பாரு உன் வீட்டுக்காரரு, ஆசையா போனைத் தூக்கிக்கிட்டு... அவருக்கு இது நான் வெச்ச பேராவே இருக்கட்டும். சொல்லிடாதம்மா."