அம்மையின் வட்ட டப்பா

எந்தப் பாத்திரத்தையும் அவள் உடனே நம்புவதில்லை.

முதலில் நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். பிறகு முகர்ந்து பார்ப்பாள். கடைசியாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் விரலை வைத்து, கசிகிறதா என்று காத்திருப்பாள். அதன் பின்னரே அது சோப்பு அச்சு.

இன்றும் அப்படியே.

பிளம்பர் அறுத்துப் போட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். இறகுப்பந்து அடைத்து வந்த நீள உருளை. பழைய எவர்சில்வர் தம்ளர்கள். எல்லாம் வட்டம். வட்டச் சோப்புதான் வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். வளைகாப்புக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் ஆளுக்கொன்று.

பட்டர் பேப்பரின் மீது தம்ளரை நிறுத்திப் பென்சிலால் வட்டம் வரைந்தாள். கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டினாள். பக்கச் சுவருக்குத் தனித் தாள். அதைச் சுருட்டி இறக்கி, ஓரத்தின் மேல் ஓரம் ஏறும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒட்டினாள். குழாய்த் துண்டுகளின் அடியைப் பாலித்தீனால் மூடி ரப்பர் பேண்டு போட்டாள்.

எல்லாவற்றுக்கும் நடுவில், அவளைப் பெற்ற அம்மையின் வட்ட டப்பா. மகளுக்கென்று வார்க்கும் பெரிய சோப்பு அதில்தான்.

அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய் ஆறிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது டப்பா இல்லை.

அதற்குள் விரித்திருந்த தாள் மட்டும் மேசையில் கிடந்தது. கசங்காமல். பறந்துவிடாதபடி அதன்மேல் ஒரு தம்ளர்.

பூனை இப்படிச் செய்யாது. காகமும் செய்யாது.

வீட்டில் வேறு ஒருத்திதான் இருந்தாள். கொழுந்தன் மனைவி பகவதி.

அவள் கொல்லைக் குழாயடியில் நின்று இடது மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மறைக்கும் முன் தெரிந்துவிட்டது. சோப்புக்காகக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடா பட்ட சிவப்பு.

“எங்க அம்மைக்க டப்பா எங்க, பகவதி?”

“பெறவு சொல்லுதேன் அக்கா. இப்ப மத்ததுல ஊத்துங்கோ.”

பெறவு. அந்தச் சொல்லையும் அவள் மனம் சுண்டிப் பார்த்தது.

கொல்லையில் வைத்திருந்த வாளியில் எண்ணெயை ஊற்றினாள். காஸ்டிக் சோடாத் தண்ணீரை மெல்லச் சேர்த்து மரத்துடுப்பால் கலக்கத் தொடங்கினாள். கலக்கக் கலக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. நேற்று பகவதி அந்த டப்பாவைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்த அன்று, எல்லோரும் சிரிக்கையில், அவள் மட்டும் எழுந்து கொல்லைக்குப் போனது.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு லில்லிபாயின் தலை எழுந்தது.

“என்ன, அக்காளும் தங்கச்சியுமா சோப்பு காய்ச்சுதியளா?”

“ஒருத்தி காய்ச்சுதா. ஒருத்தி அச்சை ஒளிச்சு வைக்கா.”

லில்லிபாய் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் கொல்லை முழுதும் கேட்கும் குரல் அது.

“பாவம், அவளுக்கும் மனசுண்டும்லா. பிள்ளை இல்லாதவளை வளையல் போட விடமாட்டிய. சோப்புக்கு மட்டும் அவ கை வேணுமாக்கும்?”

துடுப்பு நிற்கவில்லை.

“வயித்தெரிச்சல் வீட்டுக்குள்ளேயே இருந்தா, எம் மக வயித்துல இருக்கதுக்கு ஆரு காவல், லில்லிபாய்?”

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பகவதி துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போனாள். டப்பாவோடு வந்தாள். அக்காளின் காலடியில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அடியில் காசளவு ஒரு கருவட்டம். அந்த இடம் அரித்துச் சொரசொரத்துக் கிடந்தது.

“இது எவர்சில்வர் இல்லக்கா. அலுமினியம். கையில எடுத்தா கனமே இல்ல. அதான் காஸ்டிக் தண்ணி ஒரு சொட்டு அடியில விட்டுப் பாத்தேன். சீறி எங் கையில தெறிச்சு. சோப்பை ஊத்தியிருந்தா பொங்கி உங்க மேலதான் விழுந்திருக்கும். பேப்பர் தாங்குமா?”

“வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?”

“உங்க அம்மைக்க பாத்திரத்தைக் கொறை சொன்னா நீங்க கேப்பியளா?”

கேட்டிருக்க மாட்டாள்.

எவர்சில்வர் என்று சொல்லித்தான் அம்மை அதைக் கொடுத்தாள். ஊரார் பாத்திரங்களையெல்லாம் சுண்டிய நகம் அதன்மேல் ஒருமுறையும் பட்டதில்லை.

வாளியில் கலவை கெட்டியாகியிருந்தது. துடுப்பு இழுத்த கோடு மறையாமல் நின்றது. இனித் தாமதித்தால் அச்சில் இறங்காது.

அவள் துடுப்பை விட்டாள்.

பகவதியைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். தலைப்பை விலக்கி, மணிக்கட்டைத் தண்ணீரின் கீழ்ப் பிடித்தாள். சிவப்பு முன்பு கண்டதைவிடப் பெரிதாக இருந்தது.

மதிலில் லில்லிபாயின் தலை மெல்ல இறங்கத் தொடங்கியது.

“லில்லிபாய், நில்லு.”

தலை நின்றது.

“வளைகாப்புக்கு நேரத்தோட வந்திரு. எம் மகளுக்கு மொத வளையல் எங்க பகவதிதான் போடுதா. கேக்கவங்ககிட்ட எல்லாம் சொல்லு.”

பகவதி கையை உருவப் பார்த்தாள்.

அவள் விடவில்லை.

பின்னால், வாளியில், சோப்பு இறுகிக்கொண்டிருந்தது.