ஸ்வாதி ஓடலாமா?

"ஏய், அந்த கேனைக் கீழ வையிடி!"

ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போதே கன்னியம்மாள் கத்திவிட்டாள். முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் படிக்கட்டடியில் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்வாதி, திருட்டு மாங்காயோடு பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

"இதத் தூக்கினு மூணு மாடி ஏறப் போறியா? உனுக்கு நான் இன்னா சொன்னேன்?"

"கேன் போடறவர் கீழயே வெச்சிட்டுப் போயிட்டாரு அத்தே. இவரு குளிச்சிட்டிருக்காரு."

"குளிச்சிட்டு வந்து தூக்கட்டும். அதுக்குள்ள தொண்ட வறண்டா பூடும்?"

சொல்லிவிட்டுக் கேனைக் கன்னியம்மாளே தூக்கிக்கொண்டாள். வானகரத்தில் மிச்சமிருக்கும் ஒரு துண்டு நிலத்தில் இன்னமும் கீரை போடுகிற உடம்பு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் படியேறியது. முதல் மாடி பூங்காவனம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மாமியார்னா இப்படி இருக்கணும். இல்ல, இப்படி இருக்கவே கூடாது" என்று சிரித்தாள். அது பாராட்டா கேலியா என்று யோசிக்கக் கன்னியம்மாளுக்கு நேரமில்லை.

ஸ்வாதி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலும் கையுமாகப் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான் வேலை. கன்னியம்மாளுக்குக் கவலையும் அதுதான். இவள் ஓடுகிற ஓட்டத்தில்தான் மாசாமாசம் வயிற்றில் ஒன்றும் தங்காமல் போகிறது என்று தீர்மானமே செய்து வைத்திருந்தாள்.

"வேலைய வுட்டுடு கண்ணு. ஊட்ல கால நீட்டிகினு குந்து. நான் தெனம் வந்து ஆக்கிப் போடறேன்."

"ஓடினாத்தான் அத்தே எனக்கு நிம்மதி. சும்மா படுத்துக் கிடந்தா மனசு எங்கெங்கயோ போகுது."

அது எங்கே போகும் என்று கன்னியம்மாளுக்குத் தெரியாதா? தலையைத் துவட்டிக்கொண்டே வந்த ஹேமநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நைனா?"

"உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துக்கு நான் வர மாட்டேம்மா" என்று கும்பிட்டான் அவன். "இன்னிக்குப் புது டாக்டர்கிட்டதானே போறோம்? ஓடலாமா கூடாதான்னு நீங்களே கேட்டுடுங்க."

அம்பத்தூரில் அந்த கிளினிக்கின் கூடத்தில் எதிர் நாற்காலிமேல் ஒரு பெண் குழந்தை ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தது. கன்னியம்மாளால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படி ஒன்று வீட்டுக்குள் தடதடவென்று ஓடிவந்து, "ஆயா" என்று காலைக் கட்டிக்கொள்ளாதா? அந்த ஆசையில் நெஞ்சே வலித்தது. குழந்தைக்கு ஸ்வாதியின் மூக்கு இருந்தால் அழகாக இருக்கும். மற்றதெல்லாம் எப்படி இருந்தால் என்ன!

பெயரைக் கூப்பிட்டார்கள். "பேஷண்ட்கூட ஒருத்தர்தான் வரலாம்" என்றாள் நர்ஸ்.

கன்னியம்மாள் ஹேமநாதனைப் பார்த்தாள். கேட்க வாய் வரவில்லை. அவன் உடனே உட்கார்ந்துவிட்டான். "நீங்க போங்கம்மா. கேக்க வேண்டியதெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு."

உள்ளே டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப ஏம்மா தங்க மாட்டேங்குது? இவ ஓடறாம்மா. கிரவுண்ட சுத்தி சுத்தி ஓடறா. படி ஏறறா, கேன் தூக்கறா, வண்டி ஓட்டறா."

டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா ஓடட்டும். உடம்பை அசைக்கறது நல்லதுதான். தாங்க முடியாத அளவுக்கு வருத்திக்காம இருந்தா போதும். படுத்துக் கிடந்தா சீக்கிரம் கரு நிக்கும்னு யார் சொன்னா?"

"நெசமாவா? அப்ப பாரம் தூக்கறது?" கன்னியம்மாளின் குரல் தேய்ந்தது. "கண்ணாலம் கட்டி வந்த புதுசுல இவளக் கீரைக் கூடை தூக்க வெச்சேம்மா. வெய்யில்ல தண்ணி பாய்ச்ச வெச்சேன். அதனாலதானோன்னு நான் தூங்கியே பல நாள் ஆச்சி. அப்பவே ஒண்ணே ஒண்ணு தங்கியிருந்தா..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்வாதி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"கூடை தூக்கினதாலன்னு நீங்களே உங்கமேல பழி போட்டுக்காதீங்கம்மா" என்றார் டாக்டர் கனிவாக. "எத்தனையோ மாமியாருங்கள பாக்கறேன். மருமகமேல பழி போடத்தான் வருவாங்க. உங்கள மாதிரி ஒருத்தர இப்பதான் பாக்கறேன். சரி, வெளியில இருக்கற உங்க பையனையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் பேசணும்."

கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"அவரு எம்புள்ள இல்லம்மா. எம்புள்ளைக்கு வாக்கப்பட்டு வந்தவதான் இவ. அவன் போய்ச் சேந்து அஞ்சு வருசமாச்சி. இவ ஒண்டியா நிக்கக் கூடாதுன்னு, நான்தான் தேடிப் புடிச்சி அவருக்குக் கட்டி வெச்சேன்."