பல்லியின் முதல் ஆல்பம்

ஒரு வீட்டுச் சுவரில் ராப் பாடும் பல்லி ஒன்று இருந்தது. வெறும் பாட்டாக இல்லாமல், பாட்டுக்குப் பாட்டு காட்சியும் வைத்து ஒரு ஆல்பம் வெளியிட வேண்டும் என்று அதற்கு ரொம்ப நாள் ஆசை.

ட்யூப்லைட் எரிந்ததும் ஆல்பம் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் ஒரு சுண்டெலியும் ஒரு மூஞ்சூறும்தான். பல்லி கூரையில் தலைகீழாக ஓடிக்கொண்டே பாடியது. தெற்குச் சுவரில் ஈசல் கூட்டத்துக்கு நடுவில் நின்று பாடியது. கடைசிப் பாட்டு, கதவிடுக்கில் நசுங்கிச் செத்துப்போன அதன் அண்ணனைப் பற்றியது. அந்தப் பாட்டுக்காகப் பல்லி தன் வாலையே கழற்றிக் கீழே போட்டது. தாளத்துக்குத் தகுந்த மாதிரி வால் தனியாகத் துள்ளியது.

"எப்படி இருந்துச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டது பல்லி.

"தெக்குச் சுவர்லேர்ந்து சொன்னியே, அதுக்கு என்ன பலன்?" என்றது சுண்டெலி.

"பலன் இல்லப்பா, பாட்டு! எங்க அண்ணனைப் பத்தின பாட்டு!"

"ஓ, பாட்டா?" சுண்டெலி மூஞ்சூற்றின் பக்கம் திரும்பியது. "வால் ஆடினது பிரமாதம். பாட்டுலதான் சரக்கு இல்ல. நீ என்ன சொல்றே?"

மூஞ்சூறு தயங்கியது. கடைசிப் பாட்டில் அதற்குக் கண் கலங்கியிருந்தது.

பல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. "இச் இச் இச்" என்றுதான் வந்தது.

சுண்டெலி பயபக்தியோடு தரையை விரலால் தட்டியது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!"

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றது மூஞ்சூறு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.