ஏழாம் நம்பர் மடிக்கணினி

"அழிச்சிடாதீங்க தம்பி. வேற என்ன வேணா செய்யுங்க, உள்ள இருக்கறதை மட்டும் அழிச்சிடாதீங்க."

தலைமை ஆசிரியை பெனி இப்படிக் கெஞ்சுவது மூன்றாவது தடவை. மெல்கி தலையைத் தூக்கவில்லை. குபாங் நகரிலிருந்து ஓர் இரவு கப்பல், அப்புறம் மூன்று மணி நேரம் லாரி. இடுப்பு இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. வந்து இறங்கியதுமே அவன் நடையைப் பார்த்துவிட்டுத் தைலப் புட்டியை நீட்டியவர் இந்த பெனிதான். அதனாலேயே அவரிடம் கறாராகப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

இந்தோனேசியாவில் லெம்பாட்டா தீவின் இந்த மலைப் பள்ளிக்கு நன்கொடையாக வந்த மடிக்கணினிகள் ஏன் பாடத்துக்குப் பயன்படவில்லை என்று விசாரித்து எழுத வேண்டும். புதிய பாடங்களை ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். கொடுத்த நிறுவனம் அவனை அனுப்பியது அதற்காகத்தான்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரல, இபு. என்ன கஷ்டம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்." அந்த ஊரில் ஆசிரியைகளை ‘இபு’, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எழுதிக்கோங்க. ரெண்டு நாள் பயிற்சிக்கு ஒரு வாத்தியாரை அனுப்பினோம். கத்துக்கிட்டு வந்தாரு. அடுத்த மாசமே மாத்தலாகிப் போயிட்டாரு. கத்துக்கிட்டதும் அவரோடயே போயிடுச்சு."

மெல்கி எழுதினான்.

"பாடம் பூரா இங்கிலீஷு. எங்க புள்ளைங்க இந்தோனேசிய மொழியையே ஸ்கூலுக்கு வந்தப்புறம்தான் கத்துக்குதுங்க. முதல் பாடத்துல ஒரு பனிமனுசன் வரான். ‘இபு, இவரு எந்த ஊரு பாதிரியாரு, இவ்ளோ குண்டா இருக்காரு?’ன்னு கேக்குதுங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

மெல்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரிப்பேர் ஆனா?"

"குபாங்குக்குத்தான் அனுப்பணும். முப்பதுல ரெண்டை அனுப்பி ஒண்ணரை வருசமாச்சு. உங்க ஆபீஸ்லதான் எங்கயாவது கிடக்கும். போனீங்கன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"கரண்ட்?"

"கோயில் கூரையில இருக்கற சோலார் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சார்ஜ் போட்டுக்கச் சொல்லுவாரு பாதிரியாரு."

மெல்கியின் பேனா நின்றது.

"அப்போ வாராவாரம் சார்ஜ் போடறீங்க. பாடம் நடத்தாத மெஷினுக்கு எதுக்கு இபு சார்ஜு?"

பெனி, சோள அவல் இருந்த தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க தம்பி. காபி வேற ஆறுது."

அவன் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மடிக்கணினியாகத் திறந்து பார்த்தான். இருபத்தெட்டிலும் துளி இடமில்லை. எல்லாம் வீடியோ. நிறுவனம் ஏற்றிக் கொடுத்த பாடங்களைக் காணவே காணோம்.

"பாடத்தை எல்லாம் யாரு அழிச்சது?"

"நான்தான். அந்தப் பனிமனுசனையும் சேர்த்து."

"பாடத்தைத் தவிர வேற எதுவும் வெச்சுக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சினிமா ஏத்தி வெச்சிருந்த ஒரு ஸ்கூல்ல அத்தனையையும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் இதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

"அப்போ இதுவும் சினிமாதானா? ஞாயித்துக்கிழமை ஆனா டிக்கெட் போட்டு..."

"டிக்கெட்டா?" பெனி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் வாடியது. "உங்க கண்ணுக்கு நான் அப்படியா தெரியறேன்?"

"தெரியல இபு. அதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

அவன் ஒரு வீடியோவைத் திறக்கப் போனான். பெனி கையை நீட்டித் திரையை மறைத்தார்.

"வேணாம். அடுத்தவங்க வீட்டு விஷயம். நீங்க பார்க்கறது நல்லாயிருக்காது."

"பார்க்கவும் விட மாட்டேங்கறீங்க, காரணமும் சொல்ல மாட்டேங்கறீங்க. காலியாக்கினாத்தான் புதுப் பாடம் ஏறும். வேற வழியில்ல."

"வேற எங்கயாவது எடுத்து வைக்க முடியாதா?"

"நான் கொண்டுவந்தது இந்த ஒரு பென் டிரைவ்தான். அதுலயும் பாடம் இருக்கு."

பெனியின் கை மெல்ல விலகியது. மெல்கி பென் டிரைவைச் செருகினான். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. அவனுக்கும் மனசு கேட்கவில்லைதான். வேலை என்று வந்தால் என்ன செய்வது? ‘ஆம்’ என்பதை அழுத்த விரலைக் கொண்டுபோனான்.

"இபு!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீருடையில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எக்கிப் பார்த்தாள்.

"வகுப்புக்குப் போ கேவா" என்றார் பெனி அவசரமாக.

"இன்னைக்குப் புதன்கிழமைதானே, ஆனா ரூம் திறந்திருக்கே? அப்போ ஏழாம் நம்பரைக் கொஞ்சம் போட்டு விடுங்களேன். போன ஞாயித்துக்கிழமை பாதியில சார்ஜ் போயிடுச்சு, திரும்ப ஏறறதுக்குள்ள வீட்டுக்குப் போகச் சொல்லிட்டீங்க. எங்க அம்மா பாட்டை முடிக்கவே இல்ல."

மெல்கி குனிந்து பார்த்தான். அவன் மடியில் இருந்ததுதான் ஏழாம் நம்பர்.

"நாலு வருசமா மலேசியாவுல, தோட்ட வேலையில இருக்கா இவ அம்மா" என்றார் பெனி, தாழ்ந்த குரலில். "கப்பல்ல வர்றவங்ககிட்ட மெமரி கார்டு குடுத்து விடுவா. இருபத்தெட்டுலயும் இருபத்தெட்டு அம்மாங்க தம்பி."

மெல்கி ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு, படிவத்தில் ‘மின்சாரம் இல்லாததால் பாடம் ஏற்ற முடியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.