மாப்பிள்ளை ஸ்வெட்டர்

"மாப்பிள்ளைக்குக் கம்பளி ஆகாது அண்ணாச்சி. கழுத்தெல்லாம் தடிச்சிரும். பருத்தியில ஸ்வெட்டர் இருக்கா? முன்னாடி பட்டன் வச்சு, காலர் சால்வை மாதிரி மடிஞ்சு இறங்குமே, அது."

ராஜபாளையத்தில் இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் ரெனிட்டாதான். ஜவுளிக்கடை சுயம்புலிங்கம் ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"திருப்பூர்ல பாத்ததும் ஆசைப்பட்டு ஆறு எடுத்துட்டு வந்துட்டேன் தாயி. ரெண்டு வருஷமாத் தூங்குது. இந்த வெயில்ல எவன் வாங்குவான்? ஆமா, எந்த ஊர்க் குளிருக்கு?"

"குன்னூரு. வர்ற வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாணம். முடிஞ்ச கையோட குன்னூர்ல குடித்தனம்."

"அட! கல்யாணப் பொண்ணே நேர்ல வந்து எடுக்கியா? ரொம்பச் சந்தோசம்."

ரெனிட்டா வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற அவள் அப்பா ஜெபதுரை குறுக்கிட்டார். "எதுக்குட்டி இந்த ஆடம்பரம்? ஒரு துண்டைப் போத்திக்கிட்டா போதாதா?"

"செத்த நேரம் சும்மா இருங்கப்பா."

சுயம்புலிங்கம் மெரூன், கருநீலம், பாசிப்பச்சை என்று மூன்றை விரித்துப் போட்டார். கருநீலத்தின் கைப்பட்டியை இழுத்து விட்டார். அது பழையபடி சுருங்கிக்கொண்டது.

"பாத்தியா? நல்ல கனமான நூலு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. துவைச்சுட்டுக் கொடியில தொங்க விடாத, முழங்கால் வரைக்கும் இறங்கிரும். பாயில விரிச்சுக் காயப் போடணும். சைஸ் என்ன?"

"அப்பாவுக்குச் சரியா இருந்தா சரிதான்."

ஜெபதுரை ரெண்டு அடி பின்னால் போனார். மகள் விடவில்லை. மெரூனை எடுத்து நீட்டினாள்.

"மெரூனா? பாக்குறவன் சிரிப்பான்."

"சரி, நீலத்தைப் போடுங்க."

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும், அவருக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. பட்டனைப் போட்டபடியே மகள் பக்கம் குனிந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"ஏட்டி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்தக் கல்யாணத்தைப் பேசாம நிறுத்திருவோம்."

"மூணு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சு எல்லாருக்கும் அறிவிச்சாச்சு. இனிமே எப்படிப்பா நிறுத்த?"

"வாசிக்கையில முன்னாடி இருந்த ரெண்டு பேரு திரும்பி எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாங்க. தெருவுல தலை காட்ட முடியல. ஊரு எம்புட்டுப் பேசுதுன்னு உனக்குத் தெரியாது."

ரெனிட்டாவின் கண்கள் கலங்கிவிட்டன. சுயம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்து ஜெபதுரையை உட்கார வைத்தார்.

"அண்ணே, காதுல விழுந்துருச்சு, தப்பா நினைக்காதீங்க. எம் மக பாண்டிசெல்வியும் இப்படித்தான் மனசுக்குப் பிடிச்சவரைச் சொன்னா. ஊருக்குப் பயந்து நான் ரெண்டு வருஷம் இழுத்தடிச்சேன். கடைசியில கட்டி வச்சேன். ஊரு ரெண்டு நாள் பேசுச்சு. மூணாம் நாள் அவனவன் சோலியப் பாக்கப் போயிட்டான். வீணாப் போன அந்த ரெண்டு வருஷத்தை எவன் திருப்பித் தருவான் சொல்லுங்க?"

ஜெபதுரை ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாழப் போறது ரெண்டு பேரு. சேந்து உக்காந்து சாப்பிடுறது, காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாக்குறது, இதெல்லாம் ஊரா வந்து செய்யும்?"

ரெனிட்டா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் சொல்லுதீரா?" என்றார் ஜெபதுரை. "சிரிக்க மாட்டாகளா?"

"சிரிக்கட்டுமே! கல்யாண வீடுன்னா சிரிப்புச் சத்தம் கேக்கத்தானே செய்யணும்?"

ஜெபதுரை எழுந்தார். கண்ணாடி முன்னால் போய் நின்று காலரை இழுத்துவிட்டார். வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த மெரூனையும் போட்டுப் பாப்போமா?"

ரெனிட்டா அழுகையும் சிரிப்புமாக மெரூனை எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. "இதையே எடுத்துக்கிடுவோம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த பெருமையில் சுயம்புலிங்கம் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"வியாழக்கிழமை நானும் வாரேன் தாயி. உங்க அப்பா மனசு மாறுனதே போதும். ஆமா, கேக்கவே மறந்துட்டேன், மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"பஸ் டிரைவரா இருந்தாரு அண்ணாச்சி. போன மே மாசம் ரிட்டயர்டு ஆயிட்டாரு."

"ரிட்டயர்டா?" சுயம்புலிங்கத்தின் பேனா நின்றுவிட்டது.

ரெனிட்டா, கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த அப்பாவைக் காட்டினாள். "அம்மா போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு; குன்னூர் கேத்ரின் டீச்சரைக் கட்டிக்கிட நானும் எங்க வீட்டுக்காரரும் எம்புட்டோ சொல்லியும் பயந்துக்கிட்டே இருந்த மாப்பிள்ளைய, இன்னைக்கு நீங்கதான் தேத்தி விட்டிருக்கீங்க!"